கவர்னரம்மா எடுத்த பன்னிரண்டு வரி

புறங்கையைத்தான் வைப்பார். உள்ளங்கை ஏமாற்றிவிடும் என்பது அவர் கட்சி. கடையில் விற்பனைக்கு அடுக்கியிருக்கும் மடிக்கணினியின் அடியில், பல் டாக்டர் மேசையில் இருக்கும் கணினிக்குப் பின்னால், லிப்ட்டுக்குப் பக்கத்தில் விளம்பரம் ஓடும் திரையின் ஓரத்தில், எங்கே போனாலும் கை முதலில் அங்கேதான் போகும். காய்ச்சல்காரக் குழந்தையின் கழுத்தில் வைத்துப் பார்ப்பதுபோல் இரண்டு நொடி வைத்திருப்பார். பிறகு உதட்டைப் பிதுக்குவார். "சும்மாதானே இருக்கு? எதுக்கு இப்படிக் கொதிக்குது?" என்று அங்கே இருப்பவரையே கேட்பார். அவர் என்ன பதில் சொல்வார், பாவம். மகளைக் கட்டிக்கொடுத்த புதிதில் சம்பந்தி வீட்டுக்குப் போனபோது, உட்காரச் சொல்வதற்கு முன்பே டிவியின் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு "இதை இப்படிச் சுவரோட ஒட்டி வைக்காதீங்க, மூச்சு முட்டும்" என்றார். மகள் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

வயது ஐம்பத்தொன்று. குட்டையான உருவம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, பேச்சு மட்டும் மூன்றாள் பேச்சு. தொழில், டிரைவர் எழுதுவது. இதை எழுதியவுடன் விளக்கம் சொல்லிவிடுவது நல்லது. கணினியில் படம் காட்டுவதற்கென்றே கிராபிக்ஸ் சிப் என்று ஒன்று தனியாக இருக்கிறது. கணினியின் மூளையான புராசஸர் சொல்வது அதற்கு நேராகப் புரியாது, அது முனகுவது புராசஸருக்குப் புரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசிச் சமாளிக்கிற புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பெயர். அவருடைய மாமியார் இந்த விவரத்துக்குள் எல்லாம் போகவில்லை. "என் மருமக டிரைவரா இருக்கா" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லி வைத்தார். ஒரு நாள் காலை பக்கத்து வீட்டம்மா பெட்டியும் கையுமாக வந்து, ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டார். நம் ஆளுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

அந்த டிரைவருக்குள்ளும் அவர் பார்ப்பது ஒரே ஒரு சமாச்சாரத்தைத்தான்: வேகம். புராசஸரோ கிராபிக்ஸ் சிப்போ எந்நேரமும் முழு வேகத்தில் ஓடவேண்டிய அவசியமில்லை. ஓடினால் சூடு, பேட்டரி காலி. வேலை வந்தால் வேகத்தைக் கூட்ட வேண்டும், வேலை ஓய்ந்தால் குறைக்க வேண்டும். ஒரு நொடிக்குள் பல தடவை இந்த முடிவை எடுக்கிற பகுதிக்குத் தொழிலில் கவர்னர் என்று பெயர். பதினாறு வருடமாக அதையே கட்டிக்கொண்டு அழுவதால் ஆபீசில் இவருக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கவர்னரம்மா என்றால்தான் வாட்ச்மேனுக்கே தெரியும்.

"தூங்குறது தப்பே இல்லை. எழுப்பினா எழுந்திருக்கணும், அவ்வளவுதான்" என்பார். கணினிக்குச் சொல்வதை அப்படியே வீட்டுக்கும் சொல்வார். ஆளில்லாத அறையில் விசிறி ஓடினால் பொறுக்காது. கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சாதுவான மனிதர், டிவி பார்த்துக்கொண்டே சோபாவில் கண்ணசருவது அவருக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம். "நான் கண்ணை மூடினா போதும், டிவி அணைஞ்சிடும். திறந்து பார்த்தா ரிமோட் அவ கையில இருக்கும். எங்க வீட்டுல எப்பவும் கவர்னர் ஆட்சிதான்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஆபீசில் அவர் மேசையில் மூன்று கணினிகள். பெரியவன், சின்னவன், மாப்பிள்ளை. பெரியவனில் எழுதுவார். சின்னவன் மடிக்கணினி, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அதில் பார்ப்பார். எழுதியது ஒழுங்காக ஓடுகிறதா, படம் தடங்கல் இல்லாமல் வருகிறதா என்று சோதிப்பது மாப்பிள்ளையில். நிஜ மாப்பிள்ளை தங்கமான பையன், அவனை மனதில் வைத்துப் பெயர் வைக்கவில்லை. வந்த நாளிலிருந்து அது விசிறியைச் சத்தமாக ஓட்டிக்கொண்டு, மற்ற இரண்டும் சேர்ந்து குடிக்கிற கரண்டைத் தனியாகக் குடித்துக்கொண்டு, மேசையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "சும்மா உட்கார்ந்து சாப்பிடுறதுக்கு என்ன சலம்பல் பாரு" என்று ஒரு நாள் சொன்னார், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஊரில் இருக்கிற கணினியை எல்லாம் தொட்டுப் பார்க்கிறவர், தன் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்ததை மட்டும் தொட்டுப் பார்க்கவில்லை. மூன்று வருடம் அதோடு குடித்தனம் நடத்தியதில் அந்தச் சத்தம் காதில் விழாமலே போய்விட்டது.

அந்தத் திங்கட்கிழமை ஒரு மெயில் வந்தது. கண்ணால் பேசும் திரையைச் செய்து விற்கிற ஒரு சின்ன கம்பெனி, அதற்குள் ஓடுவது இவர் எழுதிய டிரைவர் என்பதால், தங்களுக்கு வந்த புகாரை அப்படியே இவருக்கு அனுப்பியிருந்தது. எழுதியவர் ஒரு குடும்பத்தலைவி. கணவர் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவராம். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் வியாதி வந்து, கை போய், கால் போய், கடைசியில் குரலும் போய், இப்போது கண் மட்டும்தான் மிச்சம். ஒரு திரையில் எழுத்துகள் கட்டம் கட்டமாக இருக்கும். அவர் ஒரு கட்டத்தை உற்றுப் பார்த்தால் கேமரா அதைக் கண்டுகொள்ளும். பார்வை நிற்க நிற்க அந்தக் கட்டம் நிறத்தால் நிரம்பும், முழுக்க நிரம்பியதும் எழுத்து விழும். முதலில் மெய்யை ஒரு பார்வை, பிறகு உயிரை ஒரு பார்வை, அப்படிச் சேர்த்துச் சேர்த்து இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"மூணு வாரம் முன்னாடி ஏதோ அப்டேட்னு வந்துச்சு. போட்டோம். அதுலேர்ந்து கட்டம் இழுக்குது. அவர் ஒரு எழுத்தைப் பார்த்தா அது நிரம்புறதுக்குள்ள கண்ணு களைச்சுப்போய் நகர்ந்திடுது, பக்கத்து எழுத்து விழுந்திடுது. ஒரு வார்த்தைக்கு அஞ்சு தடவை அழிச்சு அழிச்சுப் போட்டுப் பார்த்தார். இப்ப விட்டுட்டார். திரையை முன்னாடி வச்சா கண்ணை மூடிக்கறார். ஆமாவா இல்லையான்னு நான் கேட்டா கண் சிமிட்டுவார், அவ்வளவுதான். நான் என்ன கேக்கணும்னு எனக்கே தெரியலைன்னா எதுக்கு சிமிட்டுவார்? அவர் என்னைத் திட்டி இன்னையோட ஒன்பது நாளாச்சுங்க."

இந்தக் கடைசி வரியைக் கவர்னரம்மா மூன்று தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மேலதிகாரியிடம் போனார். அவருக்கு ஆபீசில் தேதி சார் என்று பெயர். வாயைத் திறந்தால் தேதிதான் வரும். கெட்டவர் இல்லை, தேதிக்குப் பயந்தவர். "வெள்ளிக்கிழமை நாலு மணியோட இந்த ரிலீஸ் மூடுறோம்மா. அதுக்கப்புறம் எதைத் திருத்தினாலும் வெளியே போறது நாலு மாசம் கழிச்சுத்தான். உலகம் பூரா ஓடுது, ஒரே ஒரு இடத்துலேர்ந்து புகார். அவங்க கேமராவுல ஏதாவது இருக்கும்" என்றார்.

"நாலு மாசம் அந்த மனுஷன் வாயை மூடிட்டு இருப்பாரா சார்?"

"வெள்ளி நாலு மணிக்குள்ள கொண்டு வாங்க. எனக்கென்ன, போட்டுடறேன். ஆனா சரியாயிடுச்சுன்னு அந்த மனுஷனே சொல்லணும். குருட்டாம்போக்குல எதையும் உள்ளே விட மாட்டேன்."

கண்டக்டர் வீட்டுத் திரைக்குள் இருந்த அதே சிப்தான் மாப்பிள்ளைக்குள்ளும் இருந்தது. எனவே திங்கட்கிழமை மாலையே அந்த எழுத்துக்கட்டப் புரோகிராமை மாப்பிள்ளையில் ஏற்றினார். கண்ணுக்குப் பதிலாக ஒரு புள்ளியை மெல்ல மெல்ல நகர்த்திப் பார்த்தார். கட்டம் வெண்ணெய் மாதிரி நிரம்பியது. ஐம்பது தடவை செய்தார், ஐம்பது தடவையும் வெண்ணெய்தான். செவ்வாய்க்கிழமை தேதி சாரின் பேச்சு அவருக்கே நியாயமாகப் படத் தொடங்கியது. அந்தம்மாவுக்குப் பதில் எழுதினார். கேமராவின் கண்ணாடியைத் துடையுங்கள். ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். முகத்தில் வெளிச்சம் போதவில்லையோ என்னவோ, பக்கத்தில் பளிச்சென்று ஒரு விளக்கு வையுங்கள்.

அந்தம்மா ஒன்றைக்கூடத் தட்டவில்லை. துடைத்தேன், அணைத்துப் போட்டேன், மேசை விளக்கைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன், அதே இழுப்புதான் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் போட்டார். கணவர் ஒத்துழைக்காததால், தானே திரைக்கு முன்னால் உட்கார்ந்து தன் கண்ணால் எழுதிப் பார்க்கிறாராம். "ஒரு வரி எழுதறதுக்குள்ள எனக்குக் கண்ணுல தண்ணி வந்திடுச்சு. ரெண்டு வருஷமா இந்தப் பாட்டுப் பட்டுத்தான் மனுஷன் குழம்புல உப்பு இல்லைன்னு சொன்னாரா?" என்று எழுதியிருந்தார்.

புதன்கிழமை கவர்னரம்மா, உள்ளே என்ன நடக்கிறது என்று நொடிக்கு நொடி குறித்து வைக்கிற பதிவு ஒன்றை ஓடவிடச் சொன்னார். அதற்கு வந்த பதில் விசித்திரமாக இருந்தது. பதிவு ஓடுகிறவரைக்கும் கட்டம் அழகாக நிரம்புகிறதாம். அரைமணி நேரத்தில் இடம் நிரம்பி அது நின்றுபோனதும் பழைய குருடி கதவைத் திறக்கிறாளாம். "நீங்க எட்டிப் பார்க்கும்போது மட்டும் ஒழுங்கா நடந்துக்குதுங்க" என்று அந்தம்மா எழுதியிருந்தார்.

இந்த இடத்தில் கவர்னரம்மாவுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. குறித்து வைக்கிற வேலையால் புராசஸர் தூங்காமல் இருக்கிறது, தூங்காததால் ஒழுங்காக ஓடுகிறது. அப்படியானால் இது தூக்கத்தின் கோளாறு. தூக்கம் அவருடைய இலாகா. ஆனால் மாப்பிள்ளையில் அந்தக் கோளாறு ஏன் வரவே மாட்டேன் என்கிறது? புதன் முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். வீட்டுக்குப் போய் யாரோடும் பேசவில்லை. அன்று டிவி ஓடியபடியே கிடந்தது. பயந்துபோன கணவர் தானே எழுந்து அதை அணைத்தார்.

வியாழக்கிழமை காலை. ஆபீசைச் சுத்தம் செய்யும் அக்கா மேசைக்கு அடியில் துடைப்பதற்காக வந்தார். மாப்பிள்ளையின் பின்பக்கத்தில் கையை விட்டு, காய்ந்த துணி ஒன்றை உருவி எடுத்தார்.

"என்னக்கா அது?"

"தொடைக்கிற துணிம்மா. ஈரத்தை எங்க காயப்போடறது இங்க? இது பின்னாடி போட்டா அரைமணியில மொறுமொறுன்னு காஞ்சிடும். கோவிச்சுக்காதீங்க, காத்து வர்ற வழியை அடைக்காமதான் போடுவேன்."

"நான் வேலை பார்க்கும்போது சூடாத்தான் இருக்கும், அதுக்காக..."

"நீங்க இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? லீவு நாள்ல வந்து கூட்டும்போதும் சூடாத்தான் இருக்கும். மத்த ரெண்டும் ஜில்லுன்னு கிடக்கும், இது மட்டும் அடுப்பாட்டம். மூணு வருஷமா இதுலதான் காயப்போடறேன்."

கவர்னரம்மா எழுந்து நின்றார். புறங்கையை மாப்பிள்ளையின் முதுகில் வைத்தார். காலை ஒன்பது மணி, அன்று இன்னும் ஒரு வேலையும் கொடுக்கவில்லை, கை சுட்டது. அப்படியே உட்கார்ந்து, வேகத்தைப் பற்றிய அமைப்பைத் திறந்து பார்த்தார். எப்போதும் உச்ச வேகம், குறைக்கவே கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. எழுதியது அவரேதான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒன்றை அளப்பதற்காக, அளவு ஆடாமல் இருக்கட்டும் என்று வேகத்தைப் பூட்டியவர், அளந்து முடித்ததும் பூட்டைத் திறக்க மறந்துவிட்டார். தூங்க வைப்பதும் எழுப்புவதும் சரியாக நடக்கிறதா என்று மூன்று வருடமாக அவர் சோதித்துவந்த கணினி, அந்த மூன்று வருடத்தில் ஒரு நிமிடம்கூடத் தூங்கவில்லை.

"அட லூசே" என்றார் சத்தமாக.

"என்னையாம்மா?" என்றார் அக்கா.

"உங்களை இல்லைக்கா. உங்களைக் கோயில் கட்டிக் கும்பிடணும்."

பூட்டைத் திறந்தார். மாப்பிள்ளையின் விசிறி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்த மூலையில் சத்தமே இல்லாமல் போனது. எதிர் வரிசையில் இருந்தவர்கள் கரண்ட் போய்விட்டதோ என்று தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எழுத்துக்கட்டத்தை ஓடவிட்டார், புள்ளியை நகர்த்தினார். கட்டம் கால்வாசி நிரம்பி நின்றது, திணறியது, அரைவாசிக்கு வந்தது, மறுபடி நின்றது. அந்தம்மா எழுதியது எழுத்துக்கு எழுத்து கண்முன் நடந்தது. "சிக்கிட்டான்! சிக்கிட்டான்!" என்று கத்திக்கொண்டே நாற்காலியைப் பின்னால் தள்ளினார். கோளாறைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்படுவது இந்தத் தொழிலில் மட்டும்தான் நடக்கும். நான்கு நாளாக நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கிவிட்டது.

இறங்கிய பாதி அடுத்த அரைமணியில் திரும்ப ஏறியது. காரணத்தைத் தேடிக்கொண்டு போனால், அது அவர் கையெழுத்திலேயே போய் நின்றது. போன ரிலீசில் அவர் டிரைவர் புரோகிராமிலிருந்து பன்னிரண்டு வரியை எடுத்திருந்தார். "இதனால் யாருக்கும் பயனில்லை, பேட்டரி வீணாகிறது" என்று மிடுக்காக ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தார். பயன் உண்டா இல்லையா என்று பார்த்தது மாப்பிள்ளையில். ஏற்கெனவே உச்ச வேகத்தில் ஓடுகிறவனை இன்னும் விரட்டினால் என்ன வித்தியாசம் தெரியும்?

மத்தியானம் தேதி சாருக்கு அதை விளக்கியபோது உதாரணத்துக்குச் சமையலறைக்கே போய்விட்டார். "பாத்திரம் கழுவ ஒருத்தர், துடைக்க ஒருத்தர்னு வையுங்க சார். ஒரே ஒரு தட்டு. இவர் கழுவறவரைக்கும் அவர் கையைக் கட்டிட்டு நிக்கணும். அவர் துடைச்சு வைக்கிறவரைக்கும் இவர் நிக்கணும். நாம எட்டிப் பார்த்தா ரெண்டு பேருமே பாதி நேரம் சும்மா நிக்கிற மாதிரிதான் தெரியும். சரி, வேலை கம்மி போல இருக்குன்னு ரெண்டு பேரையும் நிதானமா செய்யச் சொல்லிடுவோம். அங்க தட்டு தேங்கிக் கிடக்கும். புராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் அப்படித்தான் ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு, ரெண்டும் தூங்கிடுச்சு."

"அந்தப் பன்னிரண்டு வரி?"

"ஒருத்தர் காத்துக்கிட்டு நிக்கும்போது, உன்னை நம்பித்தான் நிக்கிறேன், சீக்கிரம் வான்னு அடுத்தவருக்குக் குரல் கொடுக்கும். அதைத்தான் நான் பிடுங்கிட்டேன். மத்தவங்க கீபோர்டைத் தட்டறாங்க, மவுஸை உருட்டறாங்க, கணினி எப்பவும் முழிச்சிட்டே இருக்கு. அவர் நிதானமா ஒரே இடத்தைப் பார்க்கிறார். அவர்கிட்ட வேலையே இல்லைன்னு நினைச்சிடுச்சு சார்."

தேதி சார் தன் தேதிப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். பிறகு, "குறிப்புல காரணம் எழுதணுமே. என்னன்னு போடப்போறீங்க?" என்று கேட்டார். மறைத்து எழுதினாலும் அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், அப்படித்தான் கேட்டார்.

கவர்னரம்மா குறிப்பை எழுதினார். அதில் சால்ஜாப்பு எதுவும் கிடையாது. 'இந்த வரிகளை நீக்கியது நான். சோதித்த கணினியின் வேகம் பூட்டப்பட்டிருந்தது. பூட்டியதும் நான். திறக்க மறந்ததும் நான்.' பழைய வரிகளை அப்படியே திரும்பப் போடவும் இல்லை. நிஜமாகவே ஒருவர் மற்றவருக்காகக் காத்து நிற்கும்போது மட்டும் குரல் கொடுக்கும்படி மாற்றி எழுதினார். வியாழன் மாலையே சின்னவனில் பேட்டரியைப் பார்த்தார், தூங்கி எழத் தெரிந்த மாப்பிள்ளையில் கட்டத்தைப் பார்த்தார். இரண்டும் சரி. வெள்ளி காலை பத்து மணிக்கு அந்த வீட்டுக்கு அனுப்பினார்.

பதினோரு மணிக்கு அந்தம்மா எழுதினார்: "போட்டாச்சு. என் கண்ணுக்கு நல்லா ஓடுது." பன்னிரண்டு மணிக்கு: "அவர் பார்க்க மாட்டேங்கறார்." ஒரு மணிக்கு: "திரையைக் கொண்டு வந்தாலே கண்ணை இறுக்கி மூடிக்கறார். எத்தனை தடவை ஏமாறுவார்? நான் என்ன செய்யட்டும்?" உண்மைதான். வேண்டாம் என்று சொல்ல அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த இமை மட்டும்தான். தேதி சார் இரண்டரை மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை வந்து நின்றுவிட்டுப் போனார். மூன்றே காலுக்குக் கவர்னரம்மா, "நான் அவர்கிட்ட பேசலாமா?" என்று கேட்டு எழுதினார்.

வீடியோவில் முதலில் அந்தம்மாவின் முகம் வந்தது, நினைத்ததைவிட இளமையான முகம், தூக்கமில்லாத கண்கள். பிறகு கட்டில், உயர்த்தி வைத்த தலையணை, ஒடுங்கிய கன்னம், மூடிய இமை. பக்கத்தில் ஒரு மேசை விளக்கு அவர் முகத்தில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. என்ன பேசுவது என்று கவர்னரம்மா எழுதி வைத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று. 

"ஐயா, உங்க திரையைக் கெடுத்தது நான்தான். வேற யாரும் இல்லை. இருந்த பன்னிரண்டு வரியை வேண்டாம்னு எடுத்துட்டேன். எடுத்தது தப்புன்னு எனக்கு நேத்துத்தான் தெரிஞ்சுது. உங்க மேலயும் தப்பில்லை, உங்க கண்ணு மேலயும் தப்பில்லை. இப்ப திருப்பி வச்சிருக்கேன். ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க. நல்லா இல்லைன்னா என்னையே திட்டுங்க."

 பிறகு இமை திறந்தது. அந்தம்மா ஓடிப்போய்த் திரையை நேராக வைத்து, வந்து விழும் எழுத்துகள் இங்கேயும் தெரியும்படி போனைத் திருப்பிப் பிடித்தார். ஒரு கட்டம் நிரம்பியது. நிற்காமல், திணறாமல் நிரம்பி எழுத்து விழுந்தது. அடுத்தது. அடுத்தது. கவர்னரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பின்னால் தேதி சார் வந்து நின்றது அவருக்குத் தெரியாது.

'லைட்டை அணை.'

"ஐயோ!" என்று பதறிக்கொண்டு அந்தம்மா விளக்கை அணைத்தார். "மூணு நாளா கண்ணுல குத்திச்சாங்க? கால் வலிக்குதா, தலைகாணி வேணுமான்னு எல்லாம் கேட்டேனே, இதைக் கேக்கத் தோணலையே எனக்கு..." என்று அழுகையும் சிரிப்புமாக ஏதேதோ சொன்னார். கண்டக்டர் நிறுத்துவதாக இல்லை, எழுத்துகள் வந்துகொண்டே இருந்தன.

'அறிவு இருக்கா உனக்கு? மூஞ்சி மேல லைட்டு. எவன் வைக்கச் சொன்னான்?'

"திட்டிட்டார்!" என்று அந்தம்மா போனைப் பார்த்துச் சொன்னார். பரீட்சையில் பாசான பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது குரல். பிறகு, கொஞ்சமும் தயங்காமல், போனில் தெரிந்த கவர்னரம்மாவின் முகத்தைச் சுட்டிக்காட்டினார். "இவங்கதான் வைக்கச் சொன்னாங்க."

கண்டக்டரின் பார்வை திரையிலிருந்து நகர்ந்து போனுக்கு வந்தது, திரும்பப் போனது.

'நீதானா அதுவும்?'

"நான்தாங்க ஐயா. அதுவும் நான்தான்" என்றார் கவர்னரம்மா. சொல்லும்போதே சிரித்துவிட்டார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, துடைக்கவில்லை.

"ஏங்க, இப்ப சரியா ஓடுதா? அவங்க ஆபீசுல நீங்க சொன்னாத்தான் விடுவாங்களாம்" என்று அந்தம்மா கேட்டார்.

'போலாம் ரைட்.'

முப்பது வருடம் பஸ் படிக்கட்டில் நின்று சொன்ன வார்த்தை, இப்போது சத்தமில்லாமல் திரையில் கிடந்தது. தேதி சார் மணிக்கட்டைப் பார்த்தார், மூன்று ஐம்பது. தன் மேசைக்கு விறுவிறுவென்று நடந்தார், கிட்டத்தட்ட ஓடினார் என்றே சொல்லலாம். இரண்டு நிமிடத்தில் அங்கிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். ஐந்து நாளாக முதுகை நிமிர்த்தாமல் உட்கார்ந்திருந்த கவர்னரம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, மூச்சை நீளமாக விட்டார். அப்பாடா என்று சொல்லக்கூடத் தெம்பில்லை.

போனை வைக்கலாம் என்று நினைத்தபோது, கட்டம் மறுபடி நிரம்ப ஆரம்பித்தது. அந்தம்மா "இருங்க, உங்ககிட்டதான் ஏதோ சொல்றார்" என்றார். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

'மூஞ்சி வாடிக் கிடக்கு. சாப்பிட்டியா இல்லையா?'

மணி நான்காகப் போகிறது. கவர்னரம்மாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "இல்லைங்க ஐயா, இனிமேதான். வச்சிட்டுச் சாப்பிடறேன்."

'வைக்காதே. இப்பவே.'

"இப்படித்தாங்க, பார்க்காம நம்ப மாட்டார்" என்றார் அந்தம்மா.

கவர்னரம்மா பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தார். ஆறிப்போயிருந்த சோற்றைப் பிசைந்து, ஒரு கவளத்தை கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டிவிட்டு, வாயில் போட்டுக்கொண்டார்.